கண் ஆபரேஷன் கத்தி: கூர்மை எதற்கு, வடிவம் எதற்கு?

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாராவது கண்புரை ஆபரேஷன் முடித்துக் கீழிருந்து திரும்பி வந்தால், பஸ்ஸிலும் டீக்கடையிலும் ஒரே பேச்சுதான். "கத்தியே வைக்கலையாம், லேசர்லயே எடுத்துட்டாங்களாம்." இன்னொரு பக்கம், முகாம் வண்டி வாசலுக்கு வந்து நின்றாலும் ஏறாத பெரியவர்கள். "கண்ணுல போயி கத்திய வெப்பாங்களா? வேண்டாம்பா."

இரண்டு பேச்சிலும் பாதிதான் உண்மை. கத்தி உண்டு. ஆனால் அது நாம் கற்பனை செய்கிற கத்தி இல்லை.

இப்போது பரவலாகச் செய்யப்படும் கண்புரை ஆபரேஷனுக்கு ஃபேகோ என்று பெயர். சார்லஸ் கெல்மன் என்ற அமெரிக்க மருத்துவர் 1967-இல் முதன்முதலாக ஒரு மனிதருக்கு இதைச் செய்தார். இதில் லேசர் கிடையாது. ஊசி போன்ற ஒரு குழாயின் நுனி நொடிக்குச் சுமார் 40,000 முறை அதிர்ந்து, புரை விழுந்த லென்ஸை உடைக்கிறது. உடைந்ததை அதே குழாய் உறிஞ்சிக்கொள்கிறது. காதுக்குக் கேட்காத வேகத்தில் அதிர்வதால் இதை மீயொலி என்கிறோம். சரி, அந்தக் குழாய் கண்ணுக்குள் எப்படிப் போகும்? ஒரு வாசல் வேண்டும். அந்த வாசலை வெட்டுவது இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமே உள்ள ஓர் எஃகுக் கத்தி.

லேசர் என்ற பேச்சு கிளம்புவதற்கு ஒரு காரணமும் இருக்கிறது. ஆபரேஷன் முடிந்து சில மாதமோ சில வருடமோ கழித்து, புரை எடுத்த இடத்தில் வைத்த செயற்கை லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சவ்வு சிலருக்கு மங்கிப்போகும். அதில் சின்னத் துளை போட யாக் லேசர் என்ற கருவியைப் பயன்படுத்துவார்கள். உட்கார்ந்தபடியே சில நிமிடங்களில் முடிந்துவிடும், கத்தி இல்லை. அந்த இரண்டாவது சிகிச்சையின் கதையை முதல் ஆபரேஷன் மேல் ஏற்றிச் சொல்லிவிடுகிறோம்.

இந்தக் கட்டுரை அந்தக் கத்தியைப் பற்றியது. நான் கண் மருத்துவர் இல்லை. கருவி வடிவமைப்பு பக்கத்து ஆள். அதனால் எந்த ஆபரேஷன் யாருக்கு நல்லது என்ற பேச்சுக்கே போகவில்லை.

முதலில் கவாத்துக் கத்தி

எஸ்டேட்டில் வளர்ந்தவர்களுக்குக் கவாத்து என்றால் விளக்க வேண்டாம். மற்றவர்களுக்கு: தேயிலைச் செடி உயர்ந்து, பழுத்து, கொழுந்து குறைந்ததும், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதைக் கட்டையாக வெட்டிவிடுவார்கள். இப்போது பல இடங்களில் மிஷின் வந்துவிட்டது. ஆனாலும் கைக்கத்தியால் கவாத்து செய்த தோட்டத்தைப் பார்த்தால் ஒன்று கவனிக்கலாம். நன்றாகத் தீட்டிய கத்தி விழுந்த கிளையில் வெட்டுவாய் சாய்வாக, வழவழவென்று இருக்கும். மழைத்தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். மழுங்கிய கத்தி விழுந்த இடத்தில் கிளை பிளந்து, பட்டை உரிந்து, நார் தொங்கும். அங்கேதான் பூஞ்சை பிடிக்கும், கிளை காயும்.

கையும் அதே கை, கிளையும் அதே கிளை. வித்தியாசம், கையின் பலம் எவ்வளவு அகலமான இடத்தில் போய் விழுகிறது என்பதில் இருக்கிறது. கூரான வாய் அந்தப் பலம் முழுவதையும் நூலைவிட மெல்லிய ஒரு கோட்டில் குவிக்கிறது. அந்தக் கோட்டில் நார்கள் உடனே அறுபடுகின்றன. மழுங்கிய வாயோ அகலமான இடத்தை அமுக்குகிறது. அறுபடுவதற்குத் தேவையான அழுத்தம் சேரும்வரை கிளை வளைகிறது, நசுங்குகிறது. கடைசியில் அறுபடும்போது, அதுவரை சேர்ந்த பலம் எங்கே பலவீனமோ அந்தப் பக்கம் பாய்ந்து கிளையைப் பிளக்கிறது.

இந்த உவமையில் இரண்டு விஷயத்தை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். கூர்மை என்பது பலத்தைக் குறைத்துக்கொள்ளும் வழி. வெட்டின் சாய்வு, வெட்டுக்குப் பிறகு அந்தக் காயம் எப்படி இருக்கப்போகிறது என்பதைத் தீர்மானிக்கிறது. கண்ணிலும் இந்த இரண்டும்தான். அளவுதான் வேறு.

கண்ணில் என்ன சிக்கல்?

கண்ணின் முன்பக்கம் கண்ணாடி போலத் தெரியும் தெளிவான படலத்துக்குக் கார்னியா என்று பெயர். தமிழில் கருவிழி என்பார்கள். அதன் நடுப்பகுதியின் தடிமன் சுமார் அரை மில்லிமீட்டர்தான்; ஓரத்தில் கொஞ்சம் கூடுதல். இந்த அரை மில்லிமீட்டருக்குள் பல அடுக்குகள். நடுவில் தடிமனாக இருப்பது, தாள் அடுக்கியது போன்ற நார் அடுக்கு. உட்புறத்தில் மிக மெல்லிய ஒரு சவ்வு, அதன்மேல் ஒற்றை வரிசையில் செல்கள். கார்னியாவில் நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, அதைத் தெளிவாக வைத்திருப்பது அந்த ஒற்றை வரிசைதான். அந்தச் செல்கள் ஒருமுறை போனால் போனதுதான். புதிதாகப் பிறந்து இடத்தை நிரப்புவதில்லை.

கார்னியாவுக்குப் பின்னால் நீர் நிறைந்த சின்ன அறை ஒன்று. ஆழம் மூன்று மில்லிமீட்டர் அளவுதான். அதற்கடுத்து ஐரிஸ் என்ற நிறத்திரை, அதற்குப் பின் லென்ஸ். லென்ஸைச் சுற்றி ஒரு பை. அந்தப் பையின் பின்சுவர் நடுவில் சுமார் 4 மைக்ரான்தான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடி ஒன்றின் தடிமனே 60, 70 மைக்ரான் வரும் என்றால் இது எவ்வளவு மெல்லியது என்று பாருங்கள்.

இத்தனையும் சேர்ந்த விழி ஒரு மெத்தென்ற உருண்டை. உள்ளே லேசான அழுத்தத்தில் நீர், பின்னால் கொழுப்பு மெத்தை. அழுத்தினால் குழியும், தள்ளினால் உருளும்.

இதில் மழுங்கிய கத்தியை வைத்தால் என்ன ஆகும்? முதலில் கார்னியா அறுபடாமல் குழிகிறது. டாக்டர் இன்னும் கொஞ்சம் தள்ளுகிறார். பிறகு திடீரென்று அறுபடுகிறது. அதுவரை சேர்ந்த பலத்தோடு முனை உள்ளே பாய்கிறது. எதிரே மூன்று மில்லிமீட்டருக்குள் லென்ஸ் பை. இன்னொரு ஆபத்தும் உண்டு. உட்புறச் சவ்வைத் துளைத்துக்கொண்டு போக வேண்டிய முனை, அதைத் துளைக்க முடியாமல் முன்னால் தள்ளிக்கொண்டே போய், சுவரிலிருந்து பெயர்த்துவிடலாம். ஆகவே "கண் மென்மையான இடம், ரொம்பக் கூரான கத்தி வைக்கக் கூடாது" என்று யாராவது சொன்னால் அது தலைகீழ் வாதம். மென்மையான இடம் என்பதாலேயே கூர்மை கூடுதலாக வேண்டும்.

கூர்மையை எப்படி அளப்பது?

கத்தியின் வாயை மிகப் பெரிதாக்கிப் பார்த்தால் அது கோடு இல்லை; முனையில் ஒரு சின்ன வளைவு இருக்கும். அந்த வளைவு எவ்வளவு சிறியதோ அவ்வளவு கூர்மை. இதை முனை வளைவு என்போம். இரண்டாவது அளவு முனைக் கோணம்: கத்தியின் இரு பக்கச் சரிவும் சந்திக்கும் கோணம். கோணம் குறைந்தால் கத்தி ஒல்லியாகும், எளிதாக நுழையும். ஆனால் ஒல்லியான வாய் சீக்கிரம் மடங்கும், உடையும். கூர் வேண்டுமா, உழைப்பு வேண்டுமா என்ற இந்த இழுபறி எல்லாக் கத்திக்கும் பொது.

வைரத்தில் முனை வளைவைச் சில நானோமீட்டர் வரை கொண்டுவர முடியும். ஒரு நானோமீட்டர் என்பது மைக்ரானில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நல்ல எஃகு முனையின் வளைவு அதைவிடப் பல மடங்கு பெரியது. அப்படியென்றால் எல்லாரும் ஏன் வைரக் கத்தியே வைத்துக்கொள்ளக் கூடாது? விலை ஒரு காரணம்தான். வைரம் கடினமானது, கூடவே நொறுங்கக் கூடியது. பக்கத்தில் இருக்கும் இன்னொரு கருவியில் லேசாக உரசினால் போதும், முனை பெயர்ந்துவிடும். ஒவ்வொரு முறையும் அதைக் கழுவி, கிருமி நீக்கி, உறையில் திரும்ப வைக்கும் ஆளின் கை நடுங்கக் கூடாது. ஒரே நாளில் வரிசையாகப் பல ஆபரேஷன் நடக்கும் இடத்தில் அந்தக் கவனம் பெரிய சுமை. அதனால்தான், ஒருமுறை பயன்படுத்திவிட்டுப் போட்டுவிடும் எஃகுக் கத்தி உலகம் முழுக்க நிலைத்துவிட்டது. கம்ப்யூட்டர் சிப் செய்வதுபோல, சிலிக்கன் படிகத்தை ரசாயனத்தில் கரைத்து வாய் எடுக்கும் கத்திகளும் வந்திருக்கின்றன.

மென்மையான பொருளை அறுத்தால் எஃகு தேயாது என்று நினைக்கத் தோன்றும். 2020-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சவரக் கத்தி முடியை அறுப்பதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். முடி எஃகைவிட ஏறக்குறைய 50 மடங்கு மென்மையானது. அப்படியும் எஃகின் வாயில் சில்லுகள் பெயர்ந்தன. முடி வளைந்து கத்தியைப் பக்கவாட்டில் தள்ளும் இடத்தில், எஃகின் உள்கட்டமைப்பு ஒரே சீராக இல்லாத புள்ளியில் சில்லு கிளம்புகிறது. கார்னியாவும் முடியும் ஒன்றல்ல. ஆனாலும் ஒருமுறை பயன்படுத்திய கத்தியைக் கண்ணால் பார்த்து "இன்னும் பளபளன்னு இருக்கே" என்று சொல்வதில் அர்த்தமில்லை என்பது இதிலிருந்து புரியும். பளபளப்பு வேறு, முனை வேறு.

இதுவரை பார்த்தது: கூர்மை குறைந்தால் தேவைப்படும் பலம் கூடுகிறது, பலம் கூடினால் விழி குழிந்து கத்தி கட்டுப்பாட்டை மீறுகிறது. கூர்மையை முனை வளைவும் முனைக் கோணமும் தீர்மானிக்கின்றன.

தானே மூடிக்கொள்ளும் வாசல்

இந்தக் கத்தியின் வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். கண் கத்தியைப் பற்றிய பேச்சில் அதிகம் விடுபட்டுப்போவதும் இதுதான். எல்லாரும் எவ்வளவு கூர் என்று கேட்கிறார்கள். வெட்டு எப்படி மூடும் என்று கேட்பதில்லை.

கார்னியாவை நேராக, செங்குத்தாகக் குத்தித் துளைத்தால் நீர் வெளியே வந்துவிடும். தையல் போட வேண்டும். தையல் இழுத்துப் பிடித்தால் கார்னியாவின் வளைவு மாறும், பார்வை கோணலாகும். அதற்குப் பதிலாகக் கத்தியைப் படுக்கை வாட்டில் சாய்த்து, கார்னியாவின் அடுக்குகளுக்கு நடுவே சுமார் இரண்டு மில்லிமீட்டர் நகர்த்தி, பிறகு உள்ளே இறக்கினால்? வெளி வாய் ஓர் இடத்தில், உள் வாய் கொஞ்சம் தள்ளி இன்னோர் இடத்தில். நடுவில் ஒரு சாய்வான சுரங்கம். சுரங்கத்தின் அடித்தளம் ஒரு மெல்லிய மடல் போல இருக்கும். ஆபரேஷன் முடிந்து விழியில் நீர் நிரம்பியதும், உள்ளிருக்கும் அழுத்தம் அந்த மடலை மேல் சுவரோடு சேர்த்து அழுத்துகிறது. வாசல் தானே சாத்திக்கொள்கிறது. தையல் இல்லாத ஆபரேஷன் என்கிறார்களே, அதன் ரகசியம் இவ்வளவுதான். கவாத்தில் சாய்வு வெட்டு தண்ணீரை வெளியே வழியவிடுகிறது. இங்கே சாய்வு வெட்டு தண்ணீரை உள்ளேயே நிறுத்துகிறது.

இப்போது கத்தியைப் பாருங்கள். இந்தச் சுரங்கத்தை வெட்டும் கத்திக்குக் கெரட்டோம் என்று பெயர். நுனி ஈட்டி போல முக்கோணமாக இருக்கும். அகலம் 2.2, 2.8 மில்லிமீட்டர் என்று குறிப்பிட்ட அளவுகளில் வரும். அந்த அகலம் யாரோ அழகுக்கு வைத்ததில்லை. ஃபேகோ குழாய் உள்ளே போக வேண்டும், சுற்றிலும் நீர் கசியக் கூடாது. சுருட்டி உள்ளே அனுப்பும் செயற்கை லென்ஸும் அதே வழியில் போக வேண்டும். வாசல் ரொம்பக் குறுகினால் குழாய் உரசிச் சூடேறித் திசு வெந்துபோகும், ஓரங்கள் இழுபட்டுக் கிழியும். சின்ன வெட்டுதான் எப்போதும் நல்ல வெட்டு என்று விளம்பரம் சொல்லலாம். வாசல் உள்ளே போகும் சாமானுக்குப் பொருந்த வேண்டும் என்பதுதான் சரி.

கத்தியின் கழுத்து வளைந்திருக்கும். நோயாளியின் புருவ மேடு டாக்டரின் கைக்குக் குறுக்கே வராமல், கத்தி மட்டும் படுக்கை வாட்டில் கண்ணைத் தொட வேண்டும் என்பதற்காக அந்த வளைவு. மேற்பரப்பைப் பல கத்திகளில் வேண்டுமென்றே மங்கலாக்கி வைப்பார்கள். டாக்டர் பார்க்கும் நுண்ணோக்கியின் வெளிச்சம் அதில் பட்டு அவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது.

சரிவு எந்தப் பக்கம் என்பதும் முக்கியம். இரு பக்கமும் சமமாகச் சரிவு தீட்டிய கத்தி நேராகப் போகும். ஒரு பக்கம் மட்டும் தீட்டியது, தீட்டாத தட்டைப் பக்கம் நோக்கி விலகப் பார்க்கும். அரை மில்லிமீட்டர் சுவருக்குள் நடக்கும் பயணத்தில் இந்தச் சின்ன விலகலே கத்தி மேலே கிழித்துக்கொண்டு வெளியே வருமா, சீக்கிரமே உள்ளே விழுமா என்பதை மாற்றும்.

ஃபேகோ மிஷின் இல்லாமலும் கண்புரை எடுக்கலாம். நம் நாட்டில் முகாம் வழியாக வரும் லட்சக்கணக்கானவர்களுக்குக் கையாலேயே இதைச் செய்கிறார்கள். லென்ஸின் கடினமான கரு முழுதாக வெளியே வர வேண்டும் என்பதால் வாசல் ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு அகலம். அதைக் கார்னியாவில் தொடங்காமல் வெள்ளை விழியில் தொடங்குவார்கள். பிறை நிலா போல முனை வளைந்த கத்தியை அடுக்குகளுக்கு நடுவே இடமும் வலமுமாகத் துழாவிச் சுரங்கம் எடுப்பார்கள். பிறகு கெரட்டோமால் உள்ளே நுழைந்து, வாசலை அகலப்படுத்த மூன்றாவதாக ஒரு கத்தி. அதன் நுனி மழுங்கல், ஓரங்கள் மட்டும் கூர். தவறிச் செய்ததில்லை. கத்தி ஏற்கெனவே கண்ணுக்குள் இருக்கிறது. இனி எதையும் குத்த வேண்டியதில்லை, பக்கவாட்டில் அறுத்தால் போதும். கூர் தேவையில்லாத இடத்தில் கூரை எடுத்துவிடுவதும் வடிவமைப்புதான்.

சுருக்கமாக: சுரங்கத்தின் நீளமும் அகலமும் சாய்வும்தான் முதலில் முடிவாகின்றன. கத்தியின் வடிவம் அதிலிருந்து பிறக்கிறது.

கத்தி வைக்கக் கூடாத இடம்

லென்ஸ் பையின் முன்சுவரில் ஐந்து மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு வட்டத் திறப்பு வேண்டும். இதை அறுத்து எடுப்பதில்லை, கிழித்து எடுக்கிறார்கள். ஊசியின் நுனியை வளைத்துச் சின்னதாக ஒரு கீறல் போட்டு, அதிலிருந்து சவ்வை மடித்து வட்டமாக இழுத்துக்கொண்டே வருவார்கள். காரணம் எளிது. கத்தியால் துண்டு துண்டாக அறுத்தால் ஓரத்தில் எங்காவது ஒரு மூலை மிஞ்சும். இழுவிசை வந்தால் அந்த மூலையிலிருந்து கிழிசல் ஓடிப் பையின் பின்சுவர் வரை போய்விடும். ஒரே ஓட்டமாகக் கிழித்த வட்டத்தில் மூலையே இருக்காது.

கண்ணின் பின்புறம்: கடித்து எடுக்கும் கருவி

லென்ஸுக்குப் பின்னால் விழியை நிரப்பி இருப்பது விட்ரியஸ் என்ற ஜெல். அதன் நார்கள் விழித்திரையோடு ஒட்டியிருக்கும். ரத்தக் கசிவு போன்ற காரணங்களால் அந்த ஜெல்லை அகற்ற வேண்டி வந்தால், அதை இழுக்கவே கூடாது. இழுத்தால் விழித்திரையும் சேர்ந்து வரும். ராபர்ட் மாக்கமர் என்பவர் 1970-களின் தொடக்கத்தில் இதற்கு வழி கண்டார். நுனி அடைத்த குழாய், பக்கத்தில் ஒரு சன்னல். சன்னல் வழியே ஜெல் உறிஞ்சப்பட்டு உள்ளே எட்டிப்பார்க்கும்போது, குழாய்க்குள் ஓடும் இன்னொரு வாய் அதை வெட்டிவிடும்.

இங்கே வேகம்தான் மென்மை. மெதுவாக வெட்டினால் ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவே நிறைய ஜெல் உள்ளே இழுபடும். வேகமாக வெட்டினால் துணுக்குகள் சிறிதாகும், இழுப்பு குறையும். அதனால் தொடக்கத்தில் நிமிடத்துக்குச் சில நூறாக இருந்த வெட்டுகள் இன்று பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டன. குழாயின் தடிமன் ஒன்றரை மில்லிமீட்டரிலிருந்து அரை மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கிவிட்டது.

பட்டறையில்

ஊசியும் சரி, கத்தியும் சரி, கதை எஃகைப் பதப்படுத்துவதில்தான் தொடங்குகிறது. நம் நீலகிரியின் கேத்தியில் 1949-இல் தொடங்கிய நிறுவனத்தின் ஊசித் தொழிற்சாலை இருப்பதால், மலையில் பல குடும்பங்களுக்கு இந்த வேலை புதிதில்லை. எஃகைச் சூடாக்கிச் சட்டென்று குளிரவைத்தால் கடினமாகும், கூடவே நொறுங்கும் குணமும் வரும். மறுபடி மிதமாகச் சூடாக்கினால் அந்த நொறுங்கும் குணம் குறையும். கண் கத்திக்குத் துருப்பிடிக்காத எஃகு வேண்டும், அதிலும் இப்படிக் கடினமாகக் கூடிய வகை. சமையல் பாத்திரத்து ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் இதற்கு உதவாது.

பிறகு சாணை. தீட்டும்போது வாயின் ஓரத்தில் மெல்லிய பிசிறு நிற்கும். கைக்குக் கூராகத் தெரிவது சில நேரம் இந்தப் பிசிறுதான். அது கண்ணுக்குள் மடங்கலாம், உடைந்து விழலாம். மின்சாரமும் ரசாயனக் கரைசலும் சேர்த்து மேற்பரப்பைக் கரைத்து அதை நீக்குவார்கள். கடைசியில், மெல்லிய படலம் ஒன்றைக் கத்தி துளைக்கும்போது எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்று கருவியால் அளப்பார்கள். அந்த எண்தான் கூர்மைக்குச் சான்று. பிறகு வாய் எதிலும் படாதபடி உறையில் வைத்து, பெரும்பாலும் எத்திலீன் ஆக்சைடு வாயுவால் கிருமி நீக்குவார்கள். மதுரையில் 1992-இல் செயற்கை லென்ஸ் தயாரிக்கத் தொடங்கிய ஆரோலேப் இன்று தையல் நூல், கத்தி வரை செய்கிறது.

சரி, உண்மையான லேசர்?

இருக்கிறது. ஃபெம்டோசெகண்ட் லேசர் என்ற மிகக் குறுகிய துடிப்புகள் திசுவுக்குள் நுண்குமிழ்களை வரிசையாக உண்டாக்கி வெட்டுப் போடும். கண்புரைக்கு இதை முதலில் 2008-இல் புடாபெஸ்ட்டில் பயன்படுத்தினார்கள். கார்னியா வாசலையும் லென்ஸ் பையின் வட்டத்தையும் அதனால் துல்லியமாக வெட்ட முடியும், லென்ஸைத் துண்டாக்கவும் முடியும். துண்டுகளை வெளியே எடுக்க அப்புறமும் குழாய் உள்ளே போகத்தான் வேண்டும். பெரிய ஆய்வுகளில், பிறகு கிடைக்கும் பார்வையில் சாதாரண ஃபேகோவைவிடத் தெளிவான மேன்மை எதுவும் தெரியவில்லை. செலவு கூடுதல்.

லேசர் வெட்டினாலும் கத்தி வெட்டினாலும் வாசல் மூடுவது அதே மடலால்தான், விழிக்குள் இருக்கும் அதே அழுத்தத்தால்தான். ஆபரேஷன் முடிந்து வந்தவரிடம் "கண்ணைக் கசக்காதீங்க பெரியம்மா" என்று நர்ஸ் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் இங்கே இருக்கிறது. உள்ளிருந்து வரும் அழுத்தம் மடலைச் சாத்துகிறது. வெளியிலிருந்து விரல் ஏடாகூடமாக அழுத்தினால் வாசலின் ஓரம் விலகலாம்; நீர் கசியலாம், வெளிக்கிருமி உள்ளே போகலாம். இரவில் போட்டுக்கொள்ளச் சொல்லும் பிளாஸ்டிக் மூடியும் அதற்காகத்தான், தூக்கத்தில் கை தன்னால் கண்ணுக்குப் போகும் என்பதால்.